யாரை நோக்கிய கண்ணீர்?

வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்துள்ள ஒரு குறள் நீண்ட காலமாக உரையாசிரியர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. பின்னால் நினைத்து வருந்தும்படியான செயலைச் செய்யாதிருக்க வேண்டும் என்பது அதன் முதற்பகுதி. இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தப்பித் தவறி அத்தகைய செயலைச் செய்துவிட்டால் அடுத்து என்ன என்பது இரண்டாம் பகுதி. செய்தபின் அமர்ந்து இரங்கிக்கொண்டிருத்தல் வேண்டா என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். மீண்டும் ஒருமுறை அத்தகைய செயலைச் செய்யாதிருத்தல் வேண்டும் என்று வேறு உரை பொருள் கொள்கிறது. சொற்கள் ஒன்றே, பொருள்கள் இரண்டு. ஓர் உரை கண்ணீரையே ஐயுறுகிறது. மற்றோர் உரை கண்ணீரைப் பற்றிப் பேசாமல் இனிவரும் நாள்களைப் பற்றிப் பேசுகிறது.

இவ்விரு உரைகளுக்கும் இடையில் ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. தவறு செய்தவன் படும் மனத்துயர் யாருக்காக? தன் பெயர் கெட்டதற்காகவா? தன் உள்ளத்தின் அமைதி குலைந்ததற்காகவா? அன்றித் தன்னால் புண்பட்டு நிற்கும் ஒருவருக்காகவா? உலக இலக்கியத்தில் குற்ற உணர்வைப் பாடிய நூல்கள் எண்ணற்றவை. அவற்றுள் நாம் நன்கறிந்த சிலவற்றை இந்தக் கேள்வியோடு அணுகிப் பார்ப்பது பயனுள்ளது எனக் கருதுகிறோம்.

சொற்கள் தரும் பாடம்

கழிந்ததற்கு இரங்குவது கழிவிரக்கம். இச்சொல்லின் முகம் பின்னோக்கியது. மனம் உறுத்துவதைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் பல வழங்கும் சொல்லோ 'மீண்டும் கடித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. செய்த பாவம் நாயைப்போல் திரும்பத் திரும்பக் கடிக்கிறது என்பது அதன் உட்கருத்து. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் மெத்தனோயா என்றொரு சொல் உண்டு. அது மனத்தின் போக்கையே மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். மனமாற்றம் என நாம் வழங்கும் சொல் அதற்கு நேரானது.

புனித மத்தேயு யூதாசின் துயரைக் கூறுமிடத்தில் மெத்தனோயாவின் வினைச்சொல்லைக் கையாளவில்லை. 'பின்னர் வருந்துதல்' என்னும் பொருள்படும் வேறொரு வினையைக் கையாள்கிறார். ஆயினும் அந்தச் சொல்லே இழிந்தது என்று நாம் முடிவு கட்டிவிட இயலாது. தந்தை ஏவியபோது திராட்சைத் தோட்டத்துக்குப் போக மறுத்து, பின் வருந்திச் சென்ற மூத்த மகனின் உவமையிலும் அதே வினையைத்தான் அவர் வழங்குகிறார். அந்த மகனும் வருந்தினான், யூதாசும் வருந்தினான். மகனின் கால்கள் தோட்டத்தை நோக்கி நடந்தன. எனவே துயரின் அளவைக் காட்டிலும் அத்துயர் எத்திசையில் நடக்கிறது என்பதே நாம் காண வேண்டியது.

மதுரையில் வீழ்ந்த அரசன்

தமிழ் இலக்கியத்தில் குற்ற உணர்வின் உச்சம் எது என்று கேட்டால், பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து வீழ்ந்த காட்சியையே எவரும் சுட்டுவர். கண்ணகியின் சிலம்பு உடைகிறது. முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறிக்கிறது. பொற்கொல்லன் சொல்லை நம்பித் தீர்ப்பளித்த தான் அரசன் அல்லன், தானே கள்வன் என்று அவன் தன்மேல் தீர்ப்பு வழங்கிக்கொள்கிறான். அவ்விடத்திலேயே உயிர் துறக்கிறான். கோப்பெருந்தேவியும் அவனைத் தொடர்ந்து உயிர் நீக்கிறாள்.

இக்காட்சியின் பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அரசன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. ஏவலாளரைக் குற்றம் சாட்டவில்லை. தன்னால் கைம்பெண்ணாக்கப்பட்டவளின் முன்னிலையிலேயே, அவையறிய, தன் பிழையை ஏற்கிறான். அதிகாரத்தில் இருப்போர் தம் தவற்றை ஒப்புக்கொள்வது எத்துணை அரிது என்பதை அறிந்த எவரும் அவனை வணங்காமல் இரார். எனினும் காப்பியத்தின் அடுத்த பக்கத்தை நாம் புரட்டத்தான் வேண்டும். அரசன் இறந்ததனால் கண்ணகியின் சினம் தணியவில்லை. மதுரை எரிகிறது. அறநெறி பிறழாதோரையும் குழந்தைகளையும் முதியோரையும் விலக்கியே அந்நெருப்பு சென்றதாக இளங்கோவடிகள் கூறினும், எரிந்தது ஒரு நகரம். எரிகின்ற நகரத்தைக் காக்க வேண்டியவன் அப்போது உயிரோடு இல்லை. அவனுடைய மானம் காக்கப்பட்டது. புண்பட்டவளின் கையில் உடைந்த சிலம்பும் கணவனின் உடலும் மட்டுமே எஞ்சின.

அதன் பின் நிகழ்ந்தது இன்னும் கடுமையானது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் நோயும் பரவின. கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்யக் கருதி ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். பலியானவர் ஆயிரவர். தீர்ப்பு வழங்கியது அரசகுலம். பரிகாரத்தின் விலையைக் கொடுத்தது உழைக்கும் ஒரு குலம். குற்ற உணர்வு தன்னைத் தணித்துக்கொள்ள அவசரப்படும்போது, எளியவர் தலையில் அது எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்பதற்கு இதனினும் அச்சமூட்டும் சான்று நம் மொழியில் வேறில்லை எனலாம். இளங்கோவின் காலத்தார் இதனை வழிபாடாகக் கண்டிருக்கலாம். நாம் அவ்வாறு காண இயலாது.

இதே காப்பியத்தில் குற்றமே இல்லாதவர்களும் குற்ற உணர்வால் மடிகின்றனர். அடைக்கலமாக வந்தவளைக் காக்க இயலாமற் போயிற்றே என்று இடைக்குல முதுமகள் மாதரி தீயில் புகுகிறாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். இவர்களின் உள்ளத் தூய்மை நம்மை நெகிழ்விக்கிறது. அதே வேளையில் ஒன்று விளங்குகிறது: பிழையை ஏற்றுக்கொள்வதற்கும் வாழ்வை முடித்துக்கொள்வதற்கும் இடையில் வேறொரு வழி இருக்கக்கூடும் என்பதை அந்த உலகம் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கவில்லை.

பசுவின் நோய்க்கு எது மருந்து?

ஆனால் அந்த வேறொரு வழியைப் பற்றிய சிந்தனையே தமிழில் இல்லை என்று கூறுவது தவறாகும். சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்தில் திருவாரூரின் சிறப்பைக் கூறுமிடத்தில் மனுநீதிச் சோழன் கதையை வைக்கிறார். ஆராய்ச்சி மணியும் தேர்க்காலும் சிறுவயது முதல் நாம் கேட்டவைதாம். அக்கதையின் நடுவில் ஒரு வாதம் நிகழ்கிறது. அதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இளங்கன்று தேர்ச்சக்கரத்தில் சிக்கி இறந்ததும் இளவரசன் கலங்குகிறான். தந்தையின் செவிக்கு எட்டுமுன் வேத நெறிப்படி கழுவாய் தேடிக்கொள்ள எண்ணி அந்தணரை நாடுகிறான். அமைச்சர்களும் அரசனிடம் அதையே கூறுகின்றனர்: இத்தகைய பிழைக்கு நூல்கள் விதித்த கழுவாய் உண்டு, அதைச் செய்வதே வழக்கு என்கின்றனர். சோழன் அதற்குச் சொல்லும் விடைதான் இக்கதையின் உயிர்நாடி. கன்றை இழந்து கதறும் பசுவின் நோய்க்கு நீங்கள் சொல்லும் சடங்கு மருந்தாகுமா என்று அவன் கேட்கிறான்.

தன் மகனைத் தேர்க்காலில் இட்ட அவனுடைய தீர்ப்பை நாம் இன்று ஏற்கத் தயங்கலாம். தயங்குவதே முறை. சேக்கிழாரும் இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும், ஆணையை நிறைவேற்ற மனமின்றி உயிர்விட்ட அமைச்சனையும் எழுப்பியதாகவே கதையை முடிக்கிறார். ஆனால் அவன் எழுப்பிய கேள்வி காலத்தை வென்றது. இளவரசனின் கழுவாய் இளவரசனுக்கானது. அமைச்சரின் அறிவுரை அரசகுலத்துக்கானது. அந்த அவையில் பசுவைப் பற்றிப் பேசியவன் அரசன் ஒருவனே.

இக்கதையை 1854-இல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்னும் உரைநடை நூலாக எழுதிய வள்ளலார், மணியோசை கேட்ட அரசன் தான் என்ன பாவம் செய்தேனோ என்று தன்னையே வினவும் நீண்ட பட்டியல் ஒன்றைத் தந்துள்ளார். அப்பட்டியலை ஊன்றிப் படிப்போருக்கு ஒன்று தெளிவாகும். அவற்றுள் மிகப் பல, யாரோ ஒருவருக்கு இழைத்த தீங்குகள். நட்பைக் குலைத்தல், கொடையைத் தடுத்தல், ஏழையை வருத்துதல் என ஒவ்வொரு பாவத்துக்கும் பின்னால் ஒரு முகம் நிற்கிறது. நல்ல ஆன்ம ஆய்வு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு அப்பட்டியல் இன்றும் வழிகாட்டும்.

முப்பது வெள்ளிக்காசும் கரி நெருப்பும்

நற்செய்தி நூல்களில் ஒரே இரவில் இரு சீடர்கள் தம் ஆண்டவருக்குப் பிழை செய்கின்றனர். ஒருவன் காட்டிக் கொடுத்தான், மற்றவர் மறுதலித்தார். இருவரும் வருந்தினர்.

1551-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவியின் பங்காக மூன்றைக் கூறியது: மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம். யூதாசு இம்மூன்றையும் செய்தவன் அல்லனோ என்று கேட்கத் தோன்றுகிறது. அவன் வருந்தினான். மாசற்ற இரத்தத்தைக் காட்டிக் கொடுத்துப் பாவம் செய்ததாக வாய்விட்டு அறிக்கையிட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். பின்னர் ஏன் அவன் வழி கயிற்றில் முடிந்தது?

அவன் சென்ற இடத்தைப் பார்க்க வேண்டும். அவன் அறிக்கையிட்டது தலைமைக் குருக்களிடம். தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம். அது எங்களுக்கு என்ன, நீயே பார்த்துக்கொள் என்னும் பொருளில் அவர்கள் விடையளித்தனர். உடன் குற்றவாளிகளிடம் சொல்லப்படும் அறிக்கைக்கு வேறு என்ன விடை கிடைக்கும்? யாருக்குத் தீங்கிழைத்தானோ, அவரை நோக்கி அவன் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. அவர் தன்னை ஏற்பார் என்று நம்ப அவனால் இயலவில்லை. ஒருவனுடைய இறுதி நொடியில் இறைவன் என்ன செய்தார் என்பது நமக்கு மறைக்கப்பட்டது. அவனுக்குத் தீர்ப்பிட நாம் யாரும் அல்லோம். கதை நமக்குக் காட்டுவது அவன் நடந்த திசையை மட்டுமே.

பேதுருவின் துயரத்தில் அறிக்கை இல்லை. திருப்பிக் கொடுக்கப் பணமும் இல்லை. அவர் வெளியே சென்று மனம் நொந்து அழுதார், அவ்வளவுதான். ஆனால் அவர் உயிரோடு இருந்தார், திரும்பி வந்தார். புனித யோவான் இங்கே ஒரு நுட்பத்தைப் பதித்து வைத்துள்ளார். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு மறுதலித்தபோது அங்கே கரி நெருப்பு எரிந்தது. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரம் அவருக்காகக் காத்திருந்தபோதும் கரி நெருப்பு எரிந்தது. அதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. மும்முறை மறுத்தவரிடம் மும்முறை ஒரே கேள்வி கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியில் பழைய குற்றத்தின் பெயர்கூட எடுக்கப்படவில்லை. எனினும் மூன்றாம் முறை பேதுருவுக்கு வலிக்கிறது. புண்பட்டவரின் முகத்தைப் பார்த்து, அவர் கேட்பதற்கு விடை சொல்லி, அந்த வலியோடு நிற்பது கயிற்றைவிடக் கடினமானது. மன்னிப்போடு ஒரு வேலையும் அவருக்குத் தரப்படுகிறது: ஆடுகளை மேய்க்க வேண்டும்.

கடவுளுக்கு முன்னும் அயலாருக்கு முன்னும்

இங்கே ஒரு தடை எழலாம். பாவம் என்பது முதலில் கடவுளுக்கு எதிரானது அன்றோ? தாவீது அரசரின் பெயரால் வழங்கும் 51-ஆம் திருப்பாடல், கடவுள் ஒருவருக்கு எதிராகவே பாவம் செய்ததாகக் கூறுகிறதே? கொலையுண்ட உரியாவின் பெயர் அப்பாடலில் இல்லையே?

உண்மைதான். ஆனால் அந்தப் பாடலின் தலைப்பு நம்மை நாத்தான் இறைவாக்கினரிடம் அனுப்புகிறது. நாத்தான் தாவீதிடம் இறையியல் பேசவில்லை. ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசினார். அது அவன் மடியில் உறங்கியது, அவன் கிண்ணத்தில் குடித்தது என்று விரித்துரைத்தார். அரசர் முதலில் அந்த ஏழைக்காகச் சினந்தார். அதன் பின்பே அந்தச் செல்வன் தாமே என்று அறிந்தார். பறிகொடுத்தவனைப் பார்த்த கண்கள்தாம் கடவுளையும் பார்த்தன. காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மலைப்பொழிவு பணிப்பதும் இதனால்தான். சக்கேயு தாம் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாக வாக்களித்த பின்னரே அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்தார்.

புனித அகுஸ்தினார் ஏறத்தாழ கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய 'ஒப்புதல்கள்' உலகின் முதன்மையான மனமாற்ற நூல். தமது பதினாறாம் வயதில் நண்பரோடு பேரிக்காய் திருடியதைப் பற்றி அவர் பல பக்கங்கள் ஆராய்கிறார். பல்லாண்டுகள் தம்மோடு வாழ்ந்து ஒரு மகனையும் ஈன்ற பெண்ணைப் பிரிந்தது சில வரிகளில் முடிகிறது. தம் நெஞ்சம் அப்போது கிழிந்து குருதி வடித்ததாக அவர் மறைக்காமல் கூறுகிறார். ஆயினும் அப்பெண்ணின் பெயரை நாம் அறியோம். மகனை விட்டுவிட்டுத் தனியே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய அவளுடைய நெஞ்சம் என்னவாயிற்று என்பதும் தெரியாது. அகுஸ்தினாரின் புனிதத்தை இது குறைக்காது. மனிதர் எழுதும் மிகச் சிறந்த பாவ அறிக்கையிலும் மற்றவருக்கு உரிய இடம் சிறுத்துப்போகக்கூடும் என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

லிசவேத்தாவின் நூல்

இரஷ்ய நாவலாசிரியர்கள் இந்தக் கேள்வியை வேறெவரையும்விட ஆழமாக அகழ்ந்தனர். தாஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866-இல் வெளிவந்தது. வட்டிக்குப் பணம் கொடுக்கும் கிழவியைக் கொன்ற மாணவன் ரஸ்கோல்னிகோவின் மனவேதனை அந்நாவல் முழுவதும் பரந்து கிடக்கிறது. காய்ச்சல், பிதற்றல், அச்சம் எல்லாம் உண்டு. ஆனால் அவன் இருவரைக் கொன்றான் என்பதை வாசகரும் மறந்துவிடுகின்றனர். தற்செயலாக அறைக்குள் நுழைந்த கிழவியின் தங்கை லிசவேத்தா, எவருக்கும் தீங்கு நினையாத எளியவள். அவளைப் பற்றித் தான் ஏன் நினைப்பதே இல்லை என்று அவனே ஓரிடத்தில் வியக்கிறான்.

சோனியாவின் சொற்படி அவன் நாற்சந்தியில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். காவல் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். எட்டாண்டுத் தண்டனையோடு சைபீரியாவுக்குப் போகிறான். அங்கேயும் அவனிடம் மனமாற்றம் இல்லை. தான் தோற்றுப்போனதே தன் குற்றம் என்று கருதுகிறான். அறிக்கையும் தண்டனையும் முடிந்த பின்னும் செருக்கு உடையாமல் இருக்கக்கூடும் என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன நூல் அரிது. நோயிலிருந்து எழுந்தபின் ஆற்றங்கரையில் சோனியாவின் காலடியில் விழும் நாளில்தான் ஏதோ ஒன்று உடைகிறது. அன்றிரவு அவன் தலையணைக்கடியில் ஒரு புதிய ஏற்பாடு இருக்கிறது. இலாசர் உயிர்பெற்ற பகுதியைச் சோனியா அவனுக்குப் படித்துக் காட்டிய அதே நூல். அதைச் சோனியாவுக்குக் கொடுத்தவள் லிசவேத்தா. அவன் நினைக்க மறந்தவளின் நூலே அவன் தலைமாட்டில் இருக்கிறது. ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டி விளக்கவில்லை. வாசகரின் நினைவுக்கே விட்டுவிடுகிறார்.

கத்யூஷாவின் கேள்வி

1899-இல் வந்த டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' இந்தப் பொருளைப் பற்றி எழுதப்பட்ட மிகக் கடுமையான நாவல் என்பது நம் கருத்து. சட்ட அறிஞர் கோனி அவரிடம் கூறிய ஓர் உண்மை வழக்கிலிருந்து அது பிறந்தது. நெஹ்லூதவ் என்னும் பிரபு நீதிமன்றத்தில் நடுவர் குழுவில் அமர்கிறான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் விலைமகளைப் பார்த்துத் திடுக்கிடுகிறான். பல ஆண்டுகளுக்கு முன் தன் அத்தைமாரின் பண்ணை வீட்டில் வளர்ந்த பணிப்பெண் கத்யூஷாவே அவள். அவன் அவளைக் கெடுத்து, கையில் நூறு ரூபிளைத் திணித்துவிட்டுப் போனவன். அதன் பிறகு அவள் கருவுற்றாள், வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டாள், குழந்தை இறந்தது. நடுவர் குழு தன் முடிவில் சில சொற்களை எழுத மறந்த பிழையால், குற்றமற்ற அவளுக்கு நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்படுகிறது.

நெஹ்லூதவின் உள்ளம் விழிக்கிறது. சிறைக்குச் செல்கிறான், மன்னிப்புக் கேட்கிறான், அவளை மணந்துகொள்வதாகக் கூறுகிறான். தன் உயர்ந்த எண்ணத்தைக் கண்டு தானே கண்ணீர் மல்குகிறான். சாதாரண எழுத்தாளர் ஒருவர் கதையை இங்கே முடித்திருப்பார். ஆனால் கத்யூஷா அவன்மேல் சீறுகிறாள். இம்மையில் என்னை வைத்து இன்பம் கண்டாய், மறுமையில் என்னை வைத்தே உன்னை மீட்டுக்கொள்ளப் பார்க்கிறாயா என்னும் பொருளில் அவள் கேட்கிறாள். ஒரு பெண்ணை இருமுறை பயன்படுத்த முடியும்: ஒருமுறை பாவத்துக்கு, மறுமுறை பரிகாரத்துக்கு. அந்த உண்மையை அவன் முகத்துக்கு நேரே அவள் சொல்லிவிடுகிறாள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னும் அவன் போய்விடவில்லை. இதுவே அவனுடைய உண்மையான மனமாற்றத்தின் தொடக்கம். அவளுடைய மேல்முறையீட்டுக்காக அலைகிறான். அவளோடு சிறையிலிருந்த பிறருக்காகவும் வாதாடுகிறான். தன் நிலங்களை உழவருக்கு விடுகிறான். கைதிகளின் வரிசையைத் தொடர்ந்து சைபீரியா வரை செல்கிறான். இறுதியில் அவள் அவனை மணக்கவில்லை. அரசியல் கைதியான சிமன்சனோடு வாழ முடிவு செய்கிறாள். அவன் மன்னிக்கப்பட்டான், ஆனால் அவன் விரும்பிய வடிவில் அன்று. பரிகாரம் செய்பவன் அதன் முடிவைத் தானே எழுதிக்கொள்ள முடியாது. அது புண்பட்டவரின் உரிமை. நெஹ்லூதவ் நெடுந்தொலைவு நடந்து கற்ற பாடம் இதுவே.

நம் மொழியில் புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாபவிமோசனம்' இந்த உண்மையின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. கல்லாயிருந்த அகலிகை பெண்ணாகிறாள். கோதமனும் தன் சினத்தின் கொடுமையை உணர்ந்தவனாகவே அவளோடு வாழ முயல்கிறான். அவன் கனிவு மெய்யானது. ஆனாலும் ஊரின் பார்வையும் அவளுடைய உள்ளத்தின் காயமும் ஆறவில்லை. சீதையைத் தீக்குளிக்கச் செய்த செய்தியைக் கேட்டபின் அவள் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். சபித்தவன் திருந்திய உடனே சபிக்கப்பட்டவர் குணமாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியன்று என்பதை அக்கதை உரக்கச் சொல்லாமலே உணர்த்துகிறது.

ஒரு துண்டு அப்பம்

அப்படியானால் இலக்கியம் நமக்கு நம்பிக்கை எதுவும் தரவில்லையா? தருகிறது. இத்தாலியரான அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி 1827-இல் வெளியிட்டு, 1840 முதல் 1842 வரை திருத்தி மீண்டும் வெளியிட்ட நாவல் ஒன்று உண்டு. மணம் பேசி நிச்சயிக்கப்பட்ட இருவரைக் குறிக்கும் தலைப்பு அதற்கு. அதில் வரும் கப்புச்சின் துறவி கிறிஸ்தோபரோவின் முன்கதையைத் தமிழ் வாசகர் அறிந்துகொள்வது நலம்.

அவர் முன்பு லொதோவிக்கோ என்னும் வணிகர் மகன். தெருவில் யார் யாருக்கு வழிவிடுவது என்ற அற்பச் சண்டை வாள்வீச்சாக முற்றியது. அவரைக் காக்கப் புகுந்த பணியாளர் கிறிஸ்தோபரோ வெட்டுண்டு இறந்தார். லொதோவிக்கோ எதிரியைக் கொன்றார். துறவியாக முடிவு செய்தபோது தம் உடைமைகளை அந்தப் பணியாளரின் மனைவி மக்களுக்குக் கொடுத்தார். அவருடைய பெயரையே தம் துறவுப் பெயராக ஏற்றார். வாழ்நாள் முழுவதும் எவர் அவரை அழைத்தாலும், தமக்காக இறந்தவரின் பெயரே அவர் செவியில் விழும்.

பின்னர்க் கொலையுண்டவரின் அண்ணனிடம் சென்று மன்னிப்புக் கேட்க அவரே விரும்பினார். அந்தப் பிரபு உறவினரையெல்லாம் கூட்டி, தன் குடும்பப் பெருமைக்கு ஒரு விழாவாகவே அதை ஏற்பாடு செய்திருந்தான். ஆனால் இளந்துறவியின் முகத்திலிருந்த உண்மையான துயரம் அங்கிருந்தோரை அசைத்தது. மண்டியிட்டவரை அண்ணன் தூக்கி நிறுத்தினான், விருந்துண்ண அழைத்தான். துறவி விருந்தை ஏற்கவில்லை. மன்னிப்பின் அடையாளமாக ஓர் அப்பம் மட்டும் கேட்டார். அதில் ஒரு துண்டை உண்ணாமல் எடுத்து வைத்துக்கொண்டார், இறுதிவரை பாதுகாத்தார்.

அந்தத் துண்டை அவர் ஏன் வைத்துக்கொண்டார்? மன்னிப்புக் கிடைத்தபின் குற்றத்தை மறந்துவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. தம்மைத் தாமே வதைத்துக்கொள்ளவும் அதைப் பயன்படுத்தவில்லை. 1630-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது நோயாளிகளுக்குப் பணிபுரிந்து அவர் தேய்கிறார். பகைவன் தோன் ரொத்ரிகோவைக் கொல்லத் துடிக்கும் இளைஞன் ரென்சோவை, அதே பகைவன் நோயுற்றுச் சாகக் கிடக்கும் படுக்கையருகே அழைத்துச் சென்று மன்னிக்கச் செய்கிறார். வெறுத்தவனைக் கொன்ற ஒருவர் சொல்வதால் அச்சொல்லுக்கு வலிமை இருக்கிறது. பின்னர் அந்த அப்பத்துண்டை ரென்சோவுக்கும் லூச்சியாவுக்கும் கொடுத்து, அவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்கிறார். ஒருவரின் குற்ற நினைவு இப்படி அடுத்த தலைமுறைக்கு உணவாகிறது.

கிறிஸ்தோபரோவால் இறந்தவரை எழுப்ப முடியாது. ஆனால் இறந்தவருக்கு அண்ணன் இருந்தான். பணியாளருக்கு மனைவி மக்கள் இருந்தனர். மிகக் கொடிய தவற்றுக்குப் பின்னும் நாம் நாடிச் செல்ல வேண்டிய வாயில் ஒன்று பெரும்பாலும் எங்கோ இருக்கத்தான் செய்கிறது.

நம் வாயில்கள்

இந்நூல்களை நாம் படிப்பது கதைமாந்தரின் பாவங்களை எடைபோடுவதற்காக மட்டும் அன்று. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாய்ச் செல்கிறோம். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறோம். சிலுவைப்பாதையில் கண்ணீர் சிந்துகிறோம். இவை நல்லவை. ஆனால் பங்காளியின் நிலத்தில் நாம் நகர்த்திய வரப்பு அப்படியே இருக்கிறது. சாதிப் பெயர் சொல்லி நாம் இழிவுபடுத்திய மனிதர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். வரதட்சணைப் பேச்சால் நாம் நோகடித்த மருமகள் நமக்கே சோறு பரிமாறுகிறாள். வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்த கை, உண்டியலில் தாராளமாகக் காசு போடுகிறது. நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடக்க முடிந்த நம் கால்களுக்கு அந்த வீட்டு வாயில்வரை நடப்பது ஏன் அவ்வளவு கடினமாயிருக்கிறது? அங்கே நம்மைக் கேள்வி கேட்கும் ஒரு முகம் இருப்பதுதான் காரணம். கதவு திறக்காமலும் போகலாம். திறந்து கத்யூஷாவைப்போல் சீறவும் கூடும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் நம் பரிகாரத்தின் ஒரு பகுதியே.

பரிமேலழகர் உரையையும் மற்றோர் உரையையும் இப்போது இணைத்தே படிக்கலாம் என்று தோன்றுகிறது. அமர்ந்து இரங்கிக்கொண்டிருத்தல் வேண்டா. எழுந்து செல்ல வேண்டும். மீண்டும் அத்தகையதைச் செய்யாதிருக்க வேண்டும். அதற்கு உயிரோடும் விழிப்போடும் இருக்க வேண்டும்.

நெடுஞ்செழியனைப் பற்றி இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். இளங்கோவடிகள் அவன் கதையை மதுரையோடு முடித்துவிடவில்லை. வஞ்சிக் காண்டத்தின் வாழ்த்துக் காதையில் கண்ணகி தெய்வ வடிவில் தோன்றுகிறாள். பாண்டியன் குற்றமற்றவன் என்றும், அவன் தேவர்கோனின் இல்லத்தில் விருந்தினனாயினான் என்றும், தான் அவனுடைய மகள் என்றும் அறிவிக்கிறாள். அரசன் தன்னைக் கள்வன் என்று அழைத்துக்கொண்டான். அவனுக்கு அந்தப் பெயரை நீக்கி வேறு பெயர் கொடுக்க ஆயிரம் உயிர்ப்பலிகளால் முடியவில்லை. அவனுடைய சாவினாலும் முடியவில்லை. கணவனை இழந்தவளின் வாயிலிருந்துதான் அது வர வேண்டியிருந்தது. அது வந்தபோது தந்தை என்னும் பெயராக வந்தது.